ராவ் பகதூர் செஞ்சிக் கோட்டை

1921-ஆம் வருஷம் வெள்ளைக்காரச் சர்க்காருக்கு ஜாதகம் சரியில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டியிருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும். பங்குனி முடிய ரௌத்திரி வருஷம், சித்திரை பிறந்தால் துன்மதி. கோபம் இறங்கிக் கெட்ட புத்தி ஏறுகிற நேரம். ஆனால் லண்டனில் பாம்புப் பஞ்சாங்கம் விற்கிற கடை கிடையாதே!

சீமையில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிக் கிடந்தன. கூலியைக் குறைத்தால் இறங்க மாட்டோம் என்று தொழிலாளி சொல்ல, குறைத்ததை வாங்கிக்கொள்ளாவிட்டால் வரவே வேண்டாம் என்று முதலாளி கதவைச் சாத்திவிட்டார். ஜூன் மாதத்தில் வேலையில்லாதவர்கள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். போதாக்குறைக்கு வானமும் கைவிரித்தது. எப்போது பார்த்தாலும் தூறிக்கொண்டிருக்கிற இங்கிலாந்தில் அந்த வருஷம் சரித்திரம் காணாத வறட்சி. பக்கத்தில் அயர்லாந்தில் துப்பாக்கிச் சத்தம். இந்தப் பக்கம் இந்தியாவில், குஜராத்தி வக்கீல் ஒருவர் பன்னிரண்டே மாதத்தில் சுயராஜ்யம் என்று தவணை சொல்லிவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் நடுவில் சர்க்காருக்கு ஒரு வேலை ஞாபகம் வந்தது. தென்னாற்காடு ஜில்லாவில் மூன்று குன்றுகளை வளைத்துக் கட்டின ஒரு பழைய கோட்டை இருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டும். செஞ்சிக் கோட்டை தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது அந்த 1921-இல்தான்.

ராஜ்யம் ஆடிக்கொண்டிருக்கும்போது இது என்ன அக்கறை என்று யாராவது கேட்கலாம். நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒரே காரணம்தான் புலப்படுகிறது. அந்த வருஷம் பட்டம் வாங்கிக்கொள்ள நம்பகமான ஆள் கிடைக்கவில்லை.

பட்டம் என்பது அப்போது பெரிய வியாபாரம். சீமையில் லாயிட் ஜார்ஜ் பிரதம மந்திரி. அவர் ஆட்சியில் பட்டத்துக்கு விலைப்பட்டியலே இருந்தது ஊரறிந்த ரகசியம். 'சர்' வேண்டுமானால் சுமார் பத்தாயிரம் பவுன். பிள்ளை பேரன் வரைக்கும் செல்லுபடியாகிற பாரனெட் என்றால் முப்பது, நாற்பதாயிரம். பிரபு ஆகவேண்டுமானால் இன்னும் மேலே. மாண்டி கிரிகரி என்று ஒரு தரகர், பாராளுமன்றத் தெருவிலேயே ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருந்தார். நம் ஊரில் பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் தரகர் உட்காருவதைக் குறை சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

இந்தியாவில் ரொக்கம் அவ்வளவாகப் பேசாது. ராஜவிசுவாசம் பேசும். துரை முகாம் வரும்போது எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் முதலில் நிற்பது, யுத்த நிதிக்குத் தாராளமாக எழுதுவது, ஊரில் யார் என்ன பேசுகிறார்கள் என்று காதில் போட்டுவைப்பது. இப்படிப் பத்து வருஷம் உழைத்தால் ராவ் சாகிப், மேலும் உழைத்தால் ராவ் பகதூர், ஆயுசு கெட்டியாக இருந்தால் திவான் பகதூர்.

யுத்தம் முடிகிற சமயத்தில் இந்தச் சரக்கு திரும்பி வர ஆரம்பித்தது. 1917-இல் நம் மணி ஐயர், அதாவது ஹைகோர்ட் ஜட்ஜாக இருந்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்காக வெள்ளைக்காரர்கள் கண்டபடி பேசினார்கள். 1918-இல் 'சர்' பட்டத்தையும் திவான் பகதூரையும் சேர்த்தே உதறிவிட்டார் மனிதர். அடுத்த வருஷம் பஞ்சாப் படுகொலைக்குப் பிறகு தாகூர் தன் 'சர்'ரை வேண்டாம் என்றார். 1920-இல் காந்தி கைசர்-இ-ஹிந்து மெடலைத் திருப்பி அனுப்பினார். அதோடு விட்டாரா? பட்டம் வைத்திருக்கிற எல்லாரும் திருப்பிக் கொடுங்கள் என்று ஒத்துழையாமைத் திட்டத்திலேயே முதல் வரிசையில் அதை எழுதிவைத்துவிட்டார். கொடுத்த பட்டம் தபாலில் திரும்பி வந்தால் சர்க்காருக்கு எத்தனை அவமானம்!

கை இல்லாத, வாய் இல்லாத, தபாலாபீசுக்கு நடந்துபோக முடியாத ஒரு ஆள் தேவைப்பட்டார். எண்ணூறு அடி உயர ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே சந்திரகிரி, மூன்றையும் சேர்த்துக் கட்டிய மதில், அதைச் சுற்றி அகழி. எங்கேயும் எழுந்து போகாது. பட்டத்தை இங்கே தாராளமாகக் கொடுக்கலாம்.

இந்தச் சமயத்தில் சென்னையில் வேறொரு கோட்டையில் வேறொரு விசேஷம். மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று ஒன்று வந்திருந்தது. பாதி அதிகாரம் மந்திரிகளுக்கு, பாதி கவர்னருக்கு. எந்தப் பாதியில் பணம் இருக்கிறதோ அது கவர்னருக்கு. நாலு கோடி ஜனம் உள்ள ராஜதானியில் சுமார் 12 லட்சம் பேருக்கு ஓட்டு. அதில் கால்வாசிப் பேர்தான் போட்டார்கள், காங்கிரஸ் பகிஷ்காரம். ஜஸ்டிஸ் கட்சி ஜெயித்தது. கவர்னர் வில்லிங்டன் பிரபு கூப்பிட்டபோது தியாகராயச் செட்டியார் எனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ள, முதல் மந்திரி ஆனவர் கடலூர் சுப்பராயலு ரெட்டியார். சீமையில் படித்த பாரிஸ்டர். ஆக, ராஜதானியின் முதல் முதல்மந்திரி நம் தென்னாற்காட்டு ஆசாமி. செஞ்சிக்காரர்கள் இதை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம்.

சட்டசபையைத் திறந்துவைக்க இளவரசர் எட்வர்டு வருவதாக இருந்தது. அவர் ஏற்கெனவே பாதி உலகத்தைச் சுற்றிக் கைகுலுக்கிக் களைத்துப் போயிருந்ததால், ராஜாவின் சித்தப்பா கன்னாட் கோமகனை அனுப்பினார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வரமுடியாமல் சித்தப்பா வந்து தாலி கட்டிவிட்டுப் போன கணக்கு. 1921 ஜனவரி 12-ஆம் தேதி ஜார்ஜ் கோட்டையில் திறப்பு விழா. கோமகன் அடுத்த மாதம் டில்லிக்குப் போய் ராஜாவின் செய்தியை வாசித்தார். என் சாம்ராஜ்யத்துக்குள்ளேயே உங்களுக்குச் சுயராஜ்யம் தொடங்கிவிட்டது என்று ஜார்ஜ் மன்னர் சொல்லியனுப்பியிருந்தார். காந்தி டிசம்பருக்குள் வரும் என்கிறார், ராஜா ஏற்கெனவே வந்துவிட்டது என்கிறார். நடுவில் நின்ற ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எங்கேயும் காணோம்.

ரெட்டியாருக்குக் கல்வி, மராமத்தோடு கலால் இலாகாவும் வந்து சேர்ந்தது. கலால் என்றால் கள், சாராய வருமானம். அந்த வருஷம் காங்கிரஸ்காரர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல். ஈரோட்டு ராமசாமி நாயக்கர் தன் சொந்தத் தோப்பிலேயே ஐந்நூறு தென்னையை வெட்டிச் சாய்த்தார். கலால் மந்திரியாக இருக்க இதைவிட மோசமான வருஷத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. உடம்பு முடியாமல் ரெட்டியார் ஜூலை 11-ஆம் தேதி பதவியை விட்டார். அந்த வருஷமே காலமானார். பாவம், நல்ல மனிதர். பனகல் ராஜா வந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்தச் சட்டசபையைச் சபாஷ் போட வேண்டும். ஏப்ரல் 1-ஆம் தேதி, முட்டாள்கள் தினம் என்றும் பாராமல், சொத்துத் தகுதி இருந்தால் பெண்களும் ஆண்களைப் போலவே ஓட்டுப் போடலாம் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். இந்தியாவிலேயே முதல் மாகாணம். ஜனநாயகத்தின் தாய்வீடு என்று சொல்லிக்கொள்கிற லண்டனில் அப்போது முப்பது வயது ஆகாத பெண்ணுக்கு ஓட்டுக் கிடையாது. 1928 வரைக்கும் காத்திருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தியாவில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற குடிக்கணக்கு மார்ச் 18-ஆம் தேதி ராத்திரி ஒரே மூச்சில் நடந்தது. 31 கோடியே 89 லட்சம் பேர். கணக்குப்பிள்ளையும் வாத்தியாரும் லாந்தர் விளக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் எண்ணிவிட்டார்கள். சீமையில் ஏப்ரல் 24-இல் எண்ணுவதாக இருந்தார்கள். தகராறு வந்துவிட்டது, ஜூன் 19-க்குத் தள்ளிவைத்தார்கள். நிலக்கரி இல்லாவிட்டால் துரைமார்களுக்குத் தலையைக்கூட எண்ண வராது.

கோட்டைக்கு வருவோம். பட்டம் கொடுக்குமுன் ஆளின் நடத்தையை விசாரிப்பது சர்க்கார் வழக்கம். செஞ்சியின் நடத்தையை யார் விசாரித்தார்கள் என்று தெரியவில்லை. விசாரித்திருந்தால் சத்தியமாகக் கொடுத்திருக்க மாட்டார்கள். வைத்துக்கொண்டவன் யாரையும் அந்தக் கோட்டை வாழவைத்ததில்லை.

நாயக்கர்கள் அலங்கரித்தார்கள். கல்யாண மகால், ஆள் உயரம் தெரியாத நெற்களஞ்சியம், வேங்கடரமணர் கோயில் எல்லாம் அவர்கள் காலத்தில் எழுந்தவை. 1649-இல் பிஜாப்பூர்க்காரன் வந்து எடுத்துக்கொண்டான். 1677-இல் சிவாஜி வந்தார். அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்துகொள்ள, 1690 முதல் வெளியே ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் கூடாரம் அடித்தான். எட்டு வருஷம்! அதற்குள் அவன் படைக்குப் பஞ்சம் வந்தது, மழை வந்தது, பாதுஷாவின் மகன் காம்பக்ஷ் வந்தான். வந்தவன் சும்மா இருக்காமல் உள்ளே இருந்த மராட்டியரோடு ரகசியம் பேச ஆரம்பித்தான். சுல்ஃபிகர் பாதுஷா மகனையே பிடித்துக் கட்டிவைத்தான். உண்மையில் கோட்டையைப் பிடிக்க அவனுக்கு அவசரமே இல்லை, சம்பளம் வந்துகொண்டிருக்கிறது என்று அப்போதே ஒரு பேச்சு உண்டு. 1698-இல் ஒருவழியாக உள்ளே போனால் ராஜாராம் எப்போதோ நழுவிவிட்டார்.

எட்டு வருஷம் ஆன அதே வேலையைப் பிரெஞ்சுக்காரன் புஸ்ஸி 1750 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் முடித்தான். வாசல் கதவுக்கு வெடி வைத்தான், விடிவதற்குள் மேலே ஏறிவிட்டான். ஐரோப்பாவே வாயைப் பிளந்தது. அப்புறம்தான் கோட்டை தன் வேலையைக் காட்டியது. செஞ்சித் தண்ணீரும் காய்ச்சலும் பிரெஞ்சு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பத்து வருஷத்தில் 1,200 சிப்பாய்கள் படுத்த படுக்கையாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று கணக்கு சொல்வார்கள். பீரங்கி செய்யாததைக் கொசு செய்தது.

1761 ஏப்ரல் 5-ஆம் தேதி அங்கே மிஞ்சியிருந்த பிரெஞ்சுப் படை இங்கிலீஷ்காரக் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்திடம் சரணடைந்தது. பிரெஞ்சுக்காரர் தரப்பில் சாவியைக் கொடுத்தவர் பெயர் மக்ரிகர். பெயரைக் கேட்டாலே ஸ்காட்லாந்து மணக்கிறது. ஆக, பிரிட்டிஷ் தீவுக்காரன் ஒருவனிடமிருந்து பிரிட்டிஷ் தீவுக்காரன் இன்னொருவன் பிடுங்கிக்கொள்ள, இரண்டு பேருமே அது யாருடையது என்று உள்ளூரில் ஒருவரையும் கேட்கவில்லை. 1780-இல் ஹைதர் அலி ஆட்கள் வந்து பிடித்தார்கள். மைசூர்ச் சண்டை முடிந்தபின் செஞ்சியைச் சீந்துவாரில்லை. 1803-இல் ஜில்லா கலெக்டரே மதிலை இடித்துத் தள்ளிவிடலாமா என்று யோசனை சொல்லிப் பார்த்தார். இடிக்கவில்லை. அறுபது அடி கனத்துக்குக் கட்டின மதிலை இடிக்க ஆகிற கூலியைக் கூட்டிப் பார்த்துக் கைவிட்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

இடிக்கலாமா என்று கேட்ட சர்க்கார்தான் நூற்றுப் பதினெட்டு வருஷம் கழித்து, ஒரு கல்லைத் தொட்டாலும் ஜெயில் என்றது. கர்சன் பிரபு காலத்தில், 1904-இல், புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் போட்டிருந்தார்கள். அறிவிக்கப்பட்ட சின்னத்துக்குச் சேதம் செய்தால் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஐயாயிரம் ரூபாய்க்கு அந்தக் காலத்தில் தென்னாற்காட்டில் நஞ்சை நிலம் வாங்கிக் கிணறு வெட்டி மிச்சத்தில் பெண்ணுக்குக் கல்யாணமும் செய்துவிடலாம். சட்டம் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் சரித்திரமே மாறியிருக்கும். வாசல் கதவை வெடி வைத்துப் பிளந்த புஸ்ஸிக்கு மூன்று மாதம். கோயில் தூண்களைப் பெயர்த்துப் பாண்டிச்சேரிக்கு வண்டி ஏற்றிய பிரெஞ்சுக்காரர்களுக்குத் தூணுக்கு ஐயாயிரம்.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பிரிவு உண்டு. உத்தரவின் நகலைச் சின்னத்தின் மேலோ பக்கத்திலோ கண்ணில் படும்படி ஒட்டவேண்டும். ஒட்டின நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம். கேட்டீர்களா? எழுநூறு வருஷமாக ஆளுக்கு ஆள் வெட்டிக்கொண்டு செத்த கோட்டையில், ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்று காகிதம். செஞ்சிக் கோட்டை விஷயத்தில் வந்த ஆட்சேபணைகளை நான் பார்த்ததில்லை. ஆனால் எப்படி வந்திருக்கும் என்று எழுதிப் பார்க்க எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

முதல் மனு ஆனந்தக் கோன். "ஐயா, நான் மேற்கு மலையில் ஆடு மேய்த்தபோது புதையல் அகப்பட்டு, அதை வைத்து இந்தக் கோட்டையை ஆரம்பித்தவன். இப்போது என் வம்சத்து ஆடுகளை உள்ளே விடமாட்டேன் என்று தங்கள் சேவகன் கம்பை ஓங்குகிறான். தயவு செய்யவேண்டும்." உத்தரவு: தள்ளுபடி. மனுதாரர் பட்டா தாக்கல் செய்யவில்லை. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்காததால் 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி இவர்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்கப்படுகிறது.

இரண்டாவது சுல்ஃபிகர் கான். எட்டு வருஷத்து முகாம்படி பாக்கி என்று நீளமான பட்டியல். ஒட்டகத் தீவனம் தனி. உத்தரவு: சுற்றுப்பயணத்துக்கு முன் அனுமதி பெறவில்லை. மேலும் ஒரே இடத்தில் எட்டு வருஷம் இருந்ததைச் சுற்றுப்பயணம் என்று கருத இடமில்லை.

மூன்றாவது பாண்டிச்சேரியிலிருந்து, மெழுகு முத்திரையோடு. உத்தரவு ஒரே வரி: தூண்களைக் கொடுத்துவிட்டுப் பேசவும்.

நாலாவது மனுவை எடுத்தபோது ஆபீஸே எழுந்து நின்றிருக்கும். ராஜா தேசிங்கு. மனு பாட்டாக இருந்தது. தெருக்கூத்தாடி ஒருவர் அதைக் சிரஸ்தார் மேஜைக்கு முன்னால் நின்று பாட, குதிரை தாவுகிற இடத்தில் டவாலிச் சேவகன் விம்மிவிட்டான். தலைமைக் குமாஸ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: ஸ்டாம்பு ஒட்டவில்லை, திருப்பி அனுப்பவும்.

உண்மையாக ஆட்சேபணை உள்ளவர்கள் யார்? மலையடிவாரத்தில் விறகு பொறுக்குகிறவள், மதிலோரம் ஆடு ஓட்டுகிறவன், வீட்டுக்குத் திண்ணை கட்ட விழுந்து கிடந்த கல்லைத் தள்ளிக்கொண்டு போனவன். அவனுக்கு யார் கெஜட் வாசித்துக் காட்டப் போகிறார்கள்? ஒரு மாதம் கழிந்தது, சர்க்கார் மனதில் கோட்டைக்கு எதிரிகளே இல்லை.

தேசிங்கு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். 1714-இல் நடந்தது என்ன? இருபத்திரண்டு வயசுப் பையன். கோட்டையை வைத்திருந்த அப்பா சொரூப்சிங் போனபின் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். கப்பப் பாக்கியைக் கட்டு என்று ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் ஆள் அனுப்பினார். கட்ட மாட்டேன் என்றான். முன்னூற்றைம்பது குதிரைக்காரர்களை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான நவாப் படைமேல் பாய்ந்தான் என்பார்கள். அக்டோபர் 3-ஆம் தேதி செத்தான். பத்து மாத ஆட்சிக்கு முந்நூறு வருஷமாகப் பாட்டு.

அதே கதை 1921-இல் லண்டனில் நடந்தது. கிழக்கு லண்டனில் பாப்லர் என்று ஒரு வட்டாரம். கப்பல்துறைக் கூலிகள், வேலையற்றவர்கள், பட்டினி. வேலையில்லாதவனுக்குக் கொடுக்கிற உதவிப் பணத்தை அந்தந்த வட்டாரமே வீட்டுவரி போட்டுக் கொடுக்கவேண்டும். ஏழைகள் நிறைந்த இடத்தில் உதவி கேட்கிறவன் அதிகம், வரி கட்டுகிறவன் குறைவு. பணக்கார மேற்கு லண்டனில் நேர்மாறு. இதற்கு மேலே லண்டன் கவுண்டி கவுன்சிலுக்கும் போலீசுக்கும் கப்பம் வேறு. ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையில் பாப்லர் கவுன்சிலர்கள் கப்பம் கட்ட மாட்டோம் என்றார்கள். கோர்ட்டு சம்மன் வந்தது. ஜூலை மாதம் செங்கோல் பிடிக்கிறவன் முன்னே போக, பேண்டு வாத்தியம் முழங்க, ஆயிரக்கணக்கான ஜனம் பின்னே வர, கோர்ட்டுக்கு ஊர்வலமாகப் போனார்கள். செப்டம்பரில் முப்பது பேருக்கு ஜெயில். இருபத்தைந்து ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறையில், ஐந்து பெண்கள் ஹாலோவேயில். அதற்காகக் கவுன்சில் வேலை நிற்குமா? கூட்டத்தை ஜெயிலிலேயே போட்டார்கள். பெண் கவுன்சிலர்களை ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்கு டாக்சியில் கூட்டிவந்தார்கள்.

ஆறு வாரத்தில் சர்க்கார் தோற்றது. அக்டோபர் 12-ஆம் தேதி வெளியே விட்டு, ஏழை வட்டாரத்துச் சுமையைப் பணக்கார வட்டாரமும் பகிர்ந்துகொள்ளச் சட்டம் போட்டார்கள். கப்பம் கட்டாத தேசிங்குக்கு மலைமேல் கோட்டை இருந்தது, அகழி இருந்தது, இருபத்து நாலு அடிப் பிளவின் மேல் மரப்பாலம் இருந்தது, பாடப்படுகிற குதிரை இருந்தது. செத்தான். லான்ஸ்பரிக்கு இருந்தது பேண்டு வாத்தியம்தான். ஜெயித்தார். தேசிங்கு குதிரையேறாமல் குடும்பத்தோடு ஆற்காட்டுச் சிறைக்குப் போய் அங்கிருந்தே தர்பார் நடத்தியிருந்தால் நவாபுக்குச் சோறு போட்டே கஜானா காலியாகியிருக்கும். என்ன செய்ய, பாட்டுக் கிடைத்திருக்காது.

செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் காந்தி வேட்டி, சட்டை, தொப்பி எல்லாவற்றையும் விட்டு நாலு முழத் துண்டுக்கு மாறினார். மெடலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, இப்போது சட்டையும் போயிற்று. இந்த மனிதரிடமிருந்து இனி எதைப் பறிமுதல் செய்வது என்று சர்க்கார் திகைத்தது. ஜூன் கடைசிக்குள் ஒரு கோடி ரூபாய் வேண்டும் என்று அவர் கேட்டபோது சிரித்த துரைமார்கள், திலகர் நிதியில் அந்தக் கோடி சேர்ந்தபின் சிரிக்கவில்லை. கேட்டதில் சேராதது சுயராஜ்யம் ஒன்றுதான்.

நவம்பர் 17-இல் களைப்பு தீர்ந்த இளவரசர் ஒருவழியாகப் பம்பாயில் இறங்கினார். ஊரெல்லாம் கடையடைப்பு, கலவரம். அடுத்த ஜனவரி 13-இல் சென்னைக்கு வந்தபோதும் வரவேற்பு அதே லட்சணம்தான். போகிற இடமெல்லாம் சாத்தின கதவு. பதினைந்து வருஷம் கழித்து இதே மனிதர் எட்டாம் எட்வர்டாகச் சிங்காசனம் ஏறிப் பதினோரு மாதம் முடிவதற்குள் ஒரு பெண்மணிக்காக இறங்கிப் போனார். ஆட்சிக் காலத்தில் தேசிங்கோடு கிட்டத்தட்ட சரிசமம். ஆனால் லண்டனில் யாரும் உடுக்கை அடித்து அவரைப் பாடுவதாகத் தகவல் இல்லை.

டிசம்பர் 6-ஆம் தேதி லாயிட் ஜார்ஜ் அயர்லாந்துக்காரர்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். எழுநூறு வருஷம் கையில் வைத்திருந்த தீவில் பெரும்பகுதி போயிற்று. டிசம்பர் 31 வந்தது. காந்தி சொன்ன தவணையும் முடிந்தது. ராஜாவின் சுயராஜ்யம் காகிதத்தில், மகாத்மாவின் சுயராஜ்யம் ஜெயிலில். வருஷக் கடைசியில் ஐந்தொகை போட்டால், அந்த வருஷம் பிரிட்டிஷ் ராஜ்யம் கைப்பற்றி, எதிர்ப்பே இல்லாமல் தக்கவைத்துக்கொண்டது செஞ்சிக் கோட்டை ஒன்றைத்தான். அதுவும், நடுவில் ஹைதர் வைத்திருந்த நாள் போக, ஏற்கெனவே 160 வருஷமாக அவர்களிடம் இருந்ததுதான்.

பட்டம் கொடுத்தவர்கள் 1947-இல் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். ராவ் பகதூர்கள் பெயர்ப்பலகையை மாற்றி எழுதினார்கள். கோட்டை மட்டும் மாற்றவில்லை. நீலப் பலகையில் அதே சட்டத்தின் புதுப் பதிப்பு இப்போது 1958 என்ற தேதியோடு நிற்கிறது, அபராதத்தையும் பிற்பாடு உயர்த்திவிட்டார்கள். ராஜகிரி ஏறுகிறவர்களின் கையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பிடுங்குகிற குரங்குகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கமலக்கண்ணி அம்மனுக்குப் பொங்கலிடக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுகிற பெண்கள் பலகையை வாசிக்க நிற்பதில்லை, மூச்சு வாங்க நிற்கிறார்கள். பாண்டிச்சேரிக்குப் போன தூண்கள் திரும்பி வரவில்லை. கடற்கரையில் துண்டு கட்டின காந்தி சிலையைச் சுற்றி அவைதான் காவல் நிற்கின்றன. பட்டத்தைத் திருப்பிக் கொடு என்றவருக்குப் பட்டத்தைத் திருப்பித் தராத கோட்டையின் தூண்கள்.

2025 ஜூலை 11-ஆம் தேதி யுனெஸ்கோ இன்னொரு பட்டம் கொடுத்திருக்கிறது. மராட்டிய ராணுவ நிலவமைப்புகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள், தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றுதான். கட்டினவர் கோனார், வளர்த்தவர் நாயக்கர், பாடப்படுகிறவர் ராஜபுத்திரர், பட்டம் மராட்டியர் பெயரில். ஆனந்தக் கோன் இன்னொரு மனு எழுதிக்கொண்டிருப்பார். அவருக்கு அவசரமில்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் விடுவதாகச் சொல்லி வருஷக்கணக்காகிறது. உலகப் பட்டம் வந்துவிட்டது, ரயில் வரவில்லை. பார்க்கப் போகிறவர்கள் திண்டிவனத்தில் இறங்கித் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறவும். முன் சீட்டாகப் பார்த்துப் பிடியுங்கள், பின்னால் தூக்கிப் போடும்.